மூவேந்தர் கொடிகள்

மாணவர்களே! சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் கொடிகளாய் விளங்கின என்பதை நீவிர் அறிவீர். பண்டைநாளில் கொடி அழகுக்காக ஏற்றப்பட்டதன்று. மதில்மேற் பறந்து ஊர் யாருடையது என்பதை உணர்த்தியது. போர்க்களத்தில் தம் படையையும் பகைப்படையையும் பிரித்துக் காட்டியது. ஆதலின், இம்மூன்று கொடிகளும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற நாள்கள் பல.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் உள்ளன. 31 ஏடுகளாலான அவை 1905-இல் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைக் கோத்த வளையத்தில் முதலாம் இராசேந்திர சோழனின் முத்திரை விளங்குகின்றது. அதில் புலியோடு கயலும் வில்லும் காணப்படும். ஏனை இரு வேந்தரையும் அடிப்படுத்தினேன் என்பதே அவன் கருதிய பொருள்.

இன்று முடியும் இல்லை, முடிவேந்தரும் இல்லை. ஆயினும், ‘இக்கொடி எம் குலத்தது, உமக்கு உரிமையில்லை’ என்று பூசலிடுவார் சிலர் உளர். இது பொருந்துமா? மூவேந்தரும் ஒருங்கு வீற்றிருக்கக் கண்டு ஔவையார் வாழ்த்திய செய்யுள் புறநானூற்றில் 367-ஆம் பாட்டாக உள்ளதன்றோ? அம்மூவர்க்கும் அவர் உரைத்த வாழ்த்து ஒன்றே, மொழியும் ஒன்றே.

எனவே, வென்றவன் செருக்கோடு பொறித்த அம்முத்திரையை நாம் உறவின் சின்னமாகக் கொள்வோம். வில்லும் புலியும் கயலும் தமிழர் அனைவர்க்கும் பொதுச்செல்வம். அச்செல்வத்தைப் பங்கிட முயல்வோர் அதனை இழப்பர். பேணுவோரே அதற்கு உரியவராவர்.