தகரப்பெட்டியும் டிஜிட்டல் சாமியாரும்

வேலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷத்தில் நாக்பூர் எனக்கு ஏழாவது ஊர். முதல் டிரான்ஸ்ஃபருக்கு என்னிடம் இருந்தது இரண்டு சூட்கேஸ், ஒரு பக்கெட். (பேச்சிலர்களுக்கு பக்கெட்டின் அருமை தெரியும். அயர்ன் பாக்ஸ், ஷூ, சோப்பு டப்பா எல்லாம் அதற்குள்தான் பயணம் செய்யும்.) போன வருஷம் புவனேஸ்வரிலிருந்து இங்கே வரும்போது லாரியில் ஏறியதை எண்ணினேன். தொண்ணூற்று நாலு அட்டைப்பெட்டி. வந்து ஆறு மாசம் ஆகியும் அதில் பதினோரு பெட்டி பிரிக்காமலே கிடந்தது. ஒரு பெட்டி மேல் 'போபால்' என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதாவது போபாலில் கட்டிய பெட்டி, புவனேஸ்வரில் மூணு வருஷம் கட்டிலுக்கு அடியில் தூங்கிவிட்டு, அப்படியே நாக்பூர் வந்து சேர்ந்திருக்கிறது.

அதைத் திறந்து பார்த்த அன்றுதான் எனக்கு ஞானம் பிறந்தது. உள்ளே என்ன தெரியுமா? இரண்டு உடைந்த சார்ஜர், செக் புக் அடிக்கட்டைகள், போபால் மின்சார பில் முப்பத்தாறு மாசத்துக்கு, அப்புறம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டின ஏடிஎம் சீட்டுகள். சீட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது, கொஞ்ச நாளில் எழுத்து மறைந்துவிடும் என்பது வங்கிக்காரனான எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே வெள்ளைக் காகிதத்தை ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சுமந்து வந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து என் மகள், மேரி கோண்டோ என்ற ஜப்பான் அம்மணியின் நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினாள். 2019ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'இது மனசுக்குச் சந்தோஷம் தருதா?' என்று கேட்கவேண்டுமாம். தரவில்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடவேண்டுமாம். தங்கமணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "எனக்கு கிரைண்டரும் சந்தோஷம் தரல, கேஸ் அடுப்பும் தரல. தூக்கிப் போட்டுரவா?" (அந்த அம்மணியே மூணாவது குழந்தை பிறந்தபிறகு, வீட்டை அப்படி வைத்துக்கொள்வதை ஓரளவு விட்டுவிட்டேன் என்று 2023ல் சொல்லிவிட்டார். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அவர் மேல் மரியாதையே வந்தது :-))

ஆனாலும் நான் ஆரம்பித்துவிட்டேன். நாலு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் வரும் கபாடிவாலா எங்கள் வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டார். பழைய பேப்பர், ஹார்லிக்ஸ் பாட்டில், மூணு பழைய செல்போன், பிள்ளைகளின் யூகேஜி நோட்டு, இனி கேட்கவே வழியில்லாத கேசட்டுகள் எல்லாம் போயின. பாத்திரத்தில் கை வைத்தபோதுதான் யுத்தம். நம் ஊர் எவர்சில்வர் பாத்திரத்தில் பேரும் தேதியும் வெட்டியிருக்குமே, அதுதான் பிரச்சினை. எந்தக் குடத்தை எடுத்தாலும் அதில் ஒரு அத்தையோ சித்தியோ உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் என் பழைய பத்திரிகை பைண்டிங் பாதிக்கு அவள் பாத்திரம் பாதி என்று சமரசம் ஆனது. மினிமலிசம் பேசும் ஆண்கள் முதலில் கை வைப்பது மனைவியின் சாமான்களில்தான் என்று அவள் சொன்னாள். மறுக்க முடியவில்லை.

எங்கள் கல்யாண மொய் நோட்டு மட்டும் ஓட்டெடுப்பே இல்லாமல் தப்பித்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆளுக்கு அது நினைவுப் பொருள் இல்லை, கணக்குப் புத்தகம். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யவேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. பி.காம் படித்தவன் எப்படி லெட்ஜரைத் தூக்கிப் போடுவான்?

அடுத்து காகிதம். ஸ்கேன் செய்தேன், செய்தேன், செய்துகொண்டே இருந்தேன். ஸ்டேட்மென்ட் எல்லாம் மெயிலுக்கு மாற்றினேன். எங்களைப்போல மூணு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாறும் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழைய விலாசத்துக்குப் போன கடிதத்தைத் தேடி பழைய வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு, அரைகுறை ஒடியாவில் கெஞ்சிய அனுபவம் எனக்கு உண்டு. பங்குப் பத்திரங்களை 2019 ஏப்ரலிலிருந்து டீமேட்டில் போடாமல் யாருக்கும் மாற்றவே முடியாது. ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகூட இப்போது மின்னணு வடிவில்தான் முதலில் வருகிறது. ஒரு பீரோ காலி. தங்கமணி எனக்கு 'டிஜிட்டல் சாமியார்' என்று பேர் வைத்தாள்.

பீரோ காலியான அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஒரு நண்பன்.

அவனும் நானும் ஒரே வருஷம் பி.ஓ.வாகச் சேர்ந்தவர்கள். அவனுக்கு திருநெல்வேலிப் பக்கம். கடைசியாக ராய்ப்பூரில் இருந்தான். மினிமலிசம் என்ற வார்த்தை எனக்குத் தெரிவதற்கு முன்பே அப்படி வாழ்ந்தவன். மேஜை மேல் ஒரு பேனா, ஒரு லேப்டாப். வேறு எதுவும் கிடையாது. பாஸ்புக் வைத்துக்கொள்ள மாட்டான். என் ஃபைல்களைப் பார்த்து, "எதுக்குடா இந்தக் குப்பை, எல்லாம் இதுல இருக்கு" என்று ஃபோனைத் தட்டிக் காட்டுவான்.

2021 மே மாசம், இரண்டாவது அலையில், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து போய்விட்டான்.

ஒரு மாசம் கழித்து அவன் மனைவி கூப்பிட்டாள். "அண்ணே, அவிய போனைத் தொறக்க முடியலண்ணே." அவளுடைய விரல் ரேகையும் அந்த ஃபோனில் பதிந்திருந்தது, எப்போதும் திறப்பாளாம். ஆனால் ஆஸ்பத்திரியில் சார்ஜ் தீர்ந்து ஃபோன் அணைந்துவிட்டது. அணைந்து மறுபடி எழுந்த ஃபோன் ரேகையை ஏற்காது, முதலில் பின் நம்பரைக் கேட்கும். பின் நம்பர் அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளின் பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறாள். அப்புறம் பயந்துபோய் விட்டுவிட்டாள்.

சம்பளக் கணக்கு, பி.எஃப், கிராஜுவிட்டி இதெல்லாம் ஆபீஸ் பார்த்துக்கொண்டது. மற்றது? அவனுக்கு வெளியே டெபாசிட் இருக்கிறதா, எங்கே, எவ்வளவு, ஒன்றும் தெரியாது. நானும் இன்னொரு நண்பனும் உட்கார்ந்தோம். ஆடிட்டர் மூலமாக வாரிசு என்ற முறையில் வருமான வரித் தளத்தில் பதிந்து, 26ஏஎஸ் படிவத்தை எடுத்தோம். டெபாசிட் வட்டியில் வரி பிடித்த வங்கிகளின் பேர் அதில் இருக்குமே. அப்படித்தான் இரண்டு வங்கிகள் கிடைத்தன. சம்பளக் கணக்கின் ஸ்டேட்மென்டை வரி வரியாகப் படித்தபோது, மார்ச் மாசம் ஒரு தொகை போயிருந்தது. முந்தின மார்ச்சிலும் அதே தொகை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் அது ஒரு டேர்ம் பாலிசியின் பிரீமியம். அது கையில் கிடைக்க ஐந்து மாசம் ஆனது. அதுவரை அந்தப் பெண் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்குத் தம்பியிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்தாள். பணம் இல்லாமல் இல்லை, இருப்பது தெரியாமல்.

இன்னும் எங்கேயாவது ஏதாவது இருக்கிறதா? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசு கேட்டு வாங்கலாம். அப்படிப் போன கணக்குகளைத் தேட 2023ல் 'உத்கம்' என்று ஒரு தளம் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவன் பேரை அதில் தேட 2031 வரை காத்திருக்கவேண்டுமா என்ன?

இப்போது கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன்.

என் அப்பா கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தகரப்பெட்டி வைத்திருந்தார். பச்சைப் பெயின்ட், பித்தளைப் பூட்டு. ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போகும்போது நான் அதைக் கிண்டல் செய்வேன். 1970களின் ரேஷன் ரசீதுகூட அதில் இருக்கும். 2011ல் அவர் போனபிறகு, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து அம்மா சாவியைக் கொடுத்தார். "தம்பி, எல்லாம் கடைசி நோட்டுல எழுதியிருக்குன்னு சொல்லுவாக. பாருப்பா." நீளமான கணக்கு நோட்டு. கடைசிப் பக்கத்தில் அப்பா கையெழுத்தில் பதினாலு வரி. தபால் ஆபீஸில் எவ்வளவு, பாங்கில் எவ்வளவு, யாருக்கு நாம் தரவேண்டும், யார் நமக்குத் தரவேண்டும், வீட்டுப் பத்திரம் எந்தத் துணிப்பையில். அரைமணி நேரத்தில் முடிந்தது. அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அவரே அதைப் படித்துச் சொன்னார்.

அந்தப் பெட்டியில் முக்கால்வாசி குப்பைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பக்கம் என்னுடைய நாலு ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனில் இல்லை. நான் காகிதத்தைக் குறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்ததை, என் ஒருவன் விரலுக்கு மட்டும் திறக்கும் இடத்துக்கு மாற்றியிருக்கிறேன். பீரோ என்றால் அவள் திறந்து தேடுவாள். கூகுள் டிரைவை எங்கே போய்த் திறப்பாள்? அதுவும் சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லாத ஊரில், ஹிந்தியில் காய்கறி வாங்கத் தெரிந்தால் போதும் என்று நாம் கூட்டிவந்து வைத்திருக்கும் பெண்கள்!

அதனால் என் கட்சி இதுதான். சாமானைக் குறையுங்கள். காகிதத்தையும் குறையுங்கள். ஆனால் பட்டியல் ஒன்றைக் காகிதத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் காட்டாமல் டிஜிட்டலுக்குப் போகாதீர்கள். பாஸ்வேர்டு எழுதவேண்டாம். எழுதவும் கூடாது. இறந்தவரின் கார்டையோ நெட் பாங்கிங்கையோ வைத்துப் பணம் எடுப்பது முறையும் இல்லை, பின்னால் மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. வங்கி பேர், கிளை, என்ன கணக்கு, யார் நாமினி, அவ்வளவுதான் வேண்டும். நாமினி இருந்து காகிதங்கள் சரியாக இருந்தால் பதினைந்து நாளில் வங்கி பணத்தைக் கொடுத்தாகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். கல்யாணத்துக்கு முன்னால் திறந்த கணக்கில் நாமினியாக இன்னும் அம்மா பேரே இருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள். (கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், பாதிப் பேருக்கு யார் பேர் போட்டோம் என்பதே ஞாபகம் இருப்பதில்லை.)

ஸ்கேன் செய்துவிட்டேனே என்று ஒரிஜினலைத் தூக்கிப் போடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் படிக்கத்தான் உதவும். நாளைக்கு அடமானக் கடன் கேட்டுப் போனால் வங்கி கேட்பது அந்த முத்திரைத்தாளை. சார்பதிவாளர் ஆபீஸில் நகல் கிடைக்கும், ஆனால் 'மூலம் எங்கே?' என்ற கேள்விக்குப் போலீஸ் புகார், பேப்பர் விளம்பரம் என்று அலையவேண்டிவரும். வீட்டுக்கடனை முடித்தவர்கள் பத்திரத்தை வாங்கிவிட்டீர்களா? 2023 டிசம்பரிலிருந்து முப்பது நாளுக்குள் வங்கி திருப்பித் தரவேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு ₹5,000. உயிலும் அப்படித்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தனக்கு வெளியே வைத்திருக்கிறது. காகிதம், கையெழுத்து, இரண்டு சாட்சிகள். குடும்ப வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டால் அது உயில் ஆகாது.

டிஜிலாக்கரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அரசுத் துறையோ போர்டோ நேரடியாக அதில் வழங்கும் ஆவணத்துக்குத்தான் ஒரிஜினலுக்குச் சமமான மதிப்பு. நாமே ஃபோட்டோ எடுத்து அதில் ஏற்றி வைத்தால் அது வெறும் ஃபோட்டோதான். என் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் அது ஃபைலுக்கே திரும்பிவிட்டது.

ஆக, தொண்ணூற்று நாலு இப்போது ஐம்பத்தேழாகியிருக்கிறது. ஒரு ஃபைல் மட்டும் மிச்சம். பச்சை நிறத்தில்தான் வாங்கினேன். முதல் பக்கத்தில் பட்டியல்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கமணியை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். பாதியில், "இதெல்லாம் இப்ப எதுக்குங்க, விளக்கு வைக்கிற நேரத்துல" என்றாள். விடவில்லை, பதினொரு வரியையும் படித்தேன். முடித்ததும் பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். கீழே அவளே இரண்டு வரி எழுதினாள். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஒன்று, போபாலில் ஆரம்பித்தது. ஊரில் அவள் அக்கா மூலமாகப் போடும் சீட்டு ஒன்று.

பதினாறு வருஷம் வங்கிக்காரனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். எனக்கு இரண்டுமே தெரியாது. "இதை எப்ப சொல்றதா இருந்தே?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள்.