பல்லுக்குப் பின்னால் கம்பி: பங்கு சேரலாமா?

கடந்த மாதம் அஸர் தொழுகைக்குப் பின்னர் நண்பர் ஒருவர் வவுனியாவிலுள்ள எனது கடைக்கு வந்து, கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு கடதாசியை விரித்து வைத்தார். பற்சிகிச்சை நிலையம் ஒன்று திறக்கப் போகிறாராம். அதற்கு நான் 20 இலட்சம் ரூபா போட்டுப் பங்கு சேர வேண்டுமாம்.

"சாதாரண பல் கிளினிக் இல்லை நானா. பல்லுக்குப் பின்பக்கம் போடுற கம்பி. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. பெரிய ஆக்களுக்கெண்டே செய்யிறது. இங்க இன்னும் ஒருத்தரும் தொடங்கயில்ல."

இதுபோன்ற கடதாசிகள் இப்பொழுது நமது வர்த்தகர்கள் பலருடைய மேசைக்கும் வருகின்றன. ஸ்கேன் நிலையம், கண்ணாடிக் கடை, இரத்தப் பரிசோதனைக் கூடம் என்று மருத்துவத் துறையில் முதலிடும் ஆசை நம்மவரிடையே வளர்ந்திருக்கிறது. ஆகவே இந்த ஒன்றைப் பற்றி நான் விசாரித்தவற்றையும், நண்பருக்குச் சொன்ன பதிலையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்குக் கிராக்கி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஏனெனில் நானே ஒரு வாடிக்கையாளன். மேல்வரிசை வேட்டைப்பல் முளைப்பது பதினொரு பன்னிரண்டு வயதில். எனக்கு அந்த வயது 1990 ஆம் ஆண்டு வந்தது. அந்த ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறிப் புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்தபோது, பல் இரண்டும் இடமில்லாமல் முரசின் மேலே ஏறி முளைத்ததை வாப்பாவும் கவனிக்கவில்லை, உம்மாவும் கவனிக்கவில்லை. அரிசிக் கூப்பனுக்கு வரிசையில் நிற்கும் வீட்டில் பல் வரிசையை யார் பார்ப்பது? இன்று கடையில் சிரிக்க நேர்ந்தால் என் கை தானாக வாய்க்குப் போகிறது. என் வயதில் வன்னியில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முகாமில் வளர்ந்த தமிழ்ச் சகோதரர்களுக்கும் இதே கதைதான். அவர்களில் ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் உண்டு. நாற்பது வயதில் பள்ளிப் பிள்ளையைப்போல் வாயில் கம்பி தெரிய வகுப்பெடுக்க வெட்கப்படுவார்கள். நண்பர் விற்க நினைப்பது அந்த வெட்கத்துக்கு மருந்து.

மார்க்க ரீதியாகவும் ஒரு மௌலவியிடம் கேட்டேன். அழகுக்காகப் பற்களிடையே இடைவெளி உண்டாக்குவது ஹதீஸில் கண்டிக்கப்பட்டிருப்பது நாம் அறிந்ததே. குறையொன்றைச் சரிசெய்வது அதில் சேராது என்பதே பரவலான கருத்து என்றார்.

இனிச் சரக்கைப் பற்றி. இது புதிய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில் கிரேவன் கேர்ஸ் என்ற பல் வைத்தியர் 1976 இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானில் கின்யா புஜித்தா என்பவரும் தனியாக இதே வழியைக் கண்டார். அமெரிக்கருக்கு வெட்கப்படும் நோயாளிகள் காரணம் என்றால், ஜப்பானியருக்கு தற்காப்புக் கலைகளில் முகத்தில் அடிபட்டு, வெளிக் கம்பியால் உதடு கிழிபடுவோர் காரணம் என்று சொல்வார்கள்.

அதன் பிறகு நடந்ததே வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பகுதி. ஓர்ம்கோ என்ற கம்பனி கேர்ஸோடு சேர்ந்து இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரே பரபரப்பு. வைத்தியர்கள் குறுகிய பயிற்சியோடு இறங்கினார்கள். பின்னர்தான் தெரிந்தது, ஒட்டியது கழன்று விழுகிறது, நாக்கு புண்ணாகிறது, ஒரு நோயாளிக்கு எடுக்கும் நேரம் பல மடங்காகிறது என்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பலர் கைவிட்டார்கள். ஜேர்மனியில் டேர்க் வீக்மன் என்பவர் ஒவ்வொரு பல்லின் பின்புறத்துக்கும் அளவெடுத்துக் கணினி மூலம் தனித்தனியே வார்க்கும் முறையைக் கொண்டுவந்த பின்னரே அது மீண்டும் தலைதூக்கியது. குறை கம்பியில் மட்டும் இருக்கவில்லை. பழுது பார்க்கக் கை பழகாதவர்களின் மூலம் அவசரப்பட்டு விற்றதிலும் இருந்தது. ஸ்பெயார் பார்ட்ஸ் கிடைக்காத தண்ணீர் பம்ப்பைக் கமத்துக்காரர் தலையில் கட்டிவிட்டுப் பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு ஒளித்திருந்தவர்களுக்கு (நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவன்) இது விளங்கும்.

வெளிப்புறப் பற்கள் ஏறக்குறைய ஒரே வடிவம். பின்புறம் ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் வேறுபடும். அதனால் பெரும்பாலும் அச்செடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் செய்விக்க வேண்டும். ஒரு துண்டு தொலைந்தால் அதையும் அங்கிருந்தே எடுப்பிக்க வேண்டும், டொலரில். 2022 இன் ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டதை மறந்த வர்த்தகர் இங்கு யாருமில்லை. நான் விசாரித்த இடத்தில், வெளிக் கம்பியை விட ஏறத்தாழ இரு மடங்கு செலவாகும் என்றார்கள்.

நாக்கின் விடயம் ஒன்றும் உண்டு. தமிழில் 'த'வும் 'ந'வும் சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லின் பின்புறத்தில்தான் முட்டுகிறது. குர்ஆன் ஓதும்போது தே, தால், தோ எழுத்துகளின் மக்ரஜும் அந்த இடமே. அங்கே கம்பி இருந்தால் முதல் சில வாரங்கள் பேச்சும் ஓதலும் கொழகொழக்கும். பெரும்பாலானோருக்கு அது பழகிவிடும். ஆனால் வகுப்பெடுப்பவரும் தொழுகை நடத்துபவரும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கீழ் முன்பற்களின் பின்னால் உமிழ்நீர் சுரப்பதால் காறை படிவதும் அங்கேதான் அதிகம். வெற்றிலை போடுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இத்தனையும் சகித்துக்கொள்ளலாம். என்னைத் தடுத்தது வேறொன்று.

எனது இரண்டாவது மகளுக்கு வெளிக் கம்பி போட்டிருந்தோம், அநுராதபுரத்தில். 2022 இல் பெற்றோல் இல்லாமல் மூன்று மாதம் போக முடியவில்லை. ஒருநாள் இரவு கம்பியின் நுனி கழன்று கன்னத்தில் குத்தி, பிள்ளை தூங்கவில்லை. காலையில் பக்கத்து வீதியிலுள்ள சாதாரண பல் டொக்டர் ஐந்து நிமிடத்தில் அந்த நுனியை நறுக்கிவிட்டார், காசும் வாங்கவில்லை. பின்பக்கக் கம்பியாக இருந்தால்? அவரிடமே அண்மையில் கேட்டேன். "கண்ணாடி பிடித்துக்கொண்டு தலைகீழாக வேலை செய்ய வேண்டும். நான் கை வைக்க மாட்டேன்" என்றார். நண்பரின் திட்டப்படி நிபுணர் கொழும்பிலிருந்து மாதம் ஒரு தடவை வருவார். மற்ற இருபத்தொன்பது நாளும் வாயில் குத்தும் கம்பிக்கு யார் பொறுப்பு?

கடதாசியின் கடைசி வரிதான் எல்லாவற்றிலும் மோசம். முதல் இருபது நோயாளிகளிடமும் முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கி, கதிரைக்கும் எக்ஸ்ரே இயந்திரத்துக்கும் மீதிக் காசு கட்டுவதாம்.

இந்த வழியில் போன பெரிய கம்பனியொன்றின் முடிவை நண்பருக்குச் சொன்னேன். அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற நிறுவனம் 2014 இல் தொடங்கி, வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறைகளைத் தபாலில் அனுப்பிப் பல்லைச் சீராக்கியது. 2019 இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு ஏறத்தாழ 890 கோடி டொலர். 2023 டிசம்பரில் இழுத்து மூடினார்கள். பாதிச் சிகிச்சையில் நின்றவர்களுக்கு இனி உறையுமில்லை, உத்தரவாதமுமில்லை. தவணை முறையில் வாங்கியவர்கள் மட்டும் தொடர்ந்து காசு கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள்!

சீமெந்து வாங்கியவர் மூட்டையோடு போய்விடுவார், கணக்கு அன்றோடு முடிந்தது. பல்லில் கம்பி வைத்தால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் நாம் அவருக்குக் கடன்காரர். கம்பியைக் கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்க வேறு கம்பியோ தட்டோ வேண்டும். பாதியில் விட்டால் முன்பிருந்ததை விடக் கோணலான வாயோடு அவர் நமது கடைத்தெருவில்தான் நடப்பார். அப்படியிருக்க அவருடைய முன்பணம் நமது மூலதனமாகுமா? அது அமானிதம். சிகிச்சை நடக்க நடக்கத்தான் அதில் நமக்கு உரிமை வரும்.

நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையமாகப் பதிவு செய்ய வேண்டும். வரும் வைத்தியரின் பெயர் மருத்துவ சபைப் பதிவில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வருடம் வெளிக் கம்பி மட்டும் போட வேண்டும், அதற்கும் ஊரில் தங்கியிருக்கும் பல் டொக்டர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். காசு வருகைக்கு வருகை வாங்க வேண்டும், முன்பணம் வாங்கினால் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். இதற்குச் சம்மதமென்றால் 20 அல்ல, 25 இலட்சமும் போடுவேன். பின்பக்கக் கம்பியைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். வாசலில் நின்று, "அப்ப உங்கட பல்லு, நானா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் மகளுக்குப் போட்ட அதே இடத்தில் எனக்கும் நாள் தந்திருக்கிறார்கள். வெளிக் கம்பிதான். கடைக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகட்டும்.