காது பொய் சொல்லுமா?

வீட்டுக்காரர் லட்ச ரூபாய்க்கு ஒலிபெருக்கி வாங்கி வருகிறார். கருவி வைத்து அளந்தால் படுமோசம்! "அளவு கிடக்கட்டும், என் காது பொய் சொல்லுமா?" என்கிறார்.

பாவம், காது பொய் சொல்வதில்லை. கனடாவில் டாக்டர் ஃப்ளாய்ட் டூல் பெட்டிகளைத் திரைபோட்டு மறைத்துப் பலரைக் கேட்கச் செய்தார். அவர்கள் காது மெச்சியது பெரும்பாலும் கருவி மெச்சிய பெட்டியைத்தான்.

கலகம் செய்வது கண்! 1994-ல் அவரும் ஷான் ஆலிவும் அமெரிக்காவில் 40 பேரைத் திரையோடும் திரையின்றியும் சோதித்தார்கள். அத்தனை பேரும் ஒலிபெருக்கிக் கம்பெனிச் சிப்பந்திகளே! திரைமறைவில் நல்ல மார்க் வாங்கிய சின்னஞ்சிறு மலிவுப் பெட்டி, கண்ணில் பட்டதும் சரிந்துவிட்டது. பெரிய பெட்டிகளுக்கோ மார்க் ஏறியது. பாட்டு என்னவோ அதேதான்!

அவர் அடுத்த தடவை கடைக்குக் கிளம்பினால், பெட்டிகளை மூட மெல்லிய வாயில் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு நீங்களும் போங்களேன்.