வந்தவரை வாசலில் மறிக்கலாமா?



நம்ம பக்கத்தில் வீடு தேடி ஒருவர் வந்தால் முதலில் "வாங்க" என்போம். ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம். எங்கிருந்து வர்றீங்க, என்ன விஷயம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் செல்போனில் ஒரு வெப்சைட்டைத் திறந்து பாருங்கள்! "ஆப்பை டவுன்லோடு செய்", "நோட்டிபிகேஷனுக்குச் சம்மதம் கொடு", "போன் நம்பரைச் சொல்" என்று ஒரு பெட்டி வந்து திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது. இதைத்தான் பாப்-அப் என்கிறோம்.

இது வெறும் எரிச்சல் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. கூகுளில் தேடும்போது அந்தப் பக்கம் மேலே வருமா, கீழே போகுமா என்பதையும் இது பாதிக்கிறது. நாளைக்கு வெப்சைட் செய்து பிழைக்கப்போகிறவர்கள் நாம். அதனால் இதைப் பற்றி என் மனதில் பட்டதை இங்கே சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் இந்தப் பெட்டி வந்தால் ஏதோ ஒரு மூலையில் நிற்கும். செல்போனில் அப்படியில்லை, உள்ளங்கை அளவு திரையில் எல்லாமே மறைந்துபோகும். மூடுகிற பெருக்கல் குறியோ எள்ளுப் போல இருக்கும். அதைத் தொடப்போய் விரல் விளம்பரத்தில் பட்டால் வேறு எங்கோ போய் நிற்போம்!

இதைத் தடுக்கத்தான் கூகுள் ஒரு விதி கொண்டுவந்தது. 2016 ஆகஸ்டில் அறிவித்து, 2017 ஜனவரி 10 முதல் நடைமுறைப்படுத்தியது. செல்போனில் தேடி வருகிறவருக்கு விஷயத்தை எளிதில் காட்டாத பக்கம், தேடல் வரிசையில் முன்னால் வராமல் போகலாம் என்பதே அந்த விதி. மூன்று வகைப் பக்கங்களை உதாரணமாகக் காட்டியது. ஒன்று, உள்ளே நுழைந்ததுமோ படிக்கும்போதோ விஷயத்தை மறைக்கும் பெட்டி. இரண்டு, மூடினால்தான் உள்ளே விடுவேன் என்று முன்னால் நிற்கும் தனித்திரை. மூன்று, மேல்பகுதி முழுவதும் விளம்பரம் போலத் தெரிய, விஷயத்தைக் கீழே தள்ளிவிடும் அமைப்பு.

எல்லாப் பெட்டியும் குற்றமில்லை. குக்கீ சம்மதம், வயது சரிபார்ப்பு போல சட்டப்படி கேட்க வேண்டியவற்றுக்கு விலக்கு உண்டு. பாஸ்வேர்டு போட்டுத்தான் பார்க்க வேண்டிய பக்கத்தில் லாகின் பெட்டி வரலாம். சுலபமாக மூடக்கூடிய சின்னப் பட்டையாக இருந்தாலும் தப்பில்லை.

ஊருக்கு உபதேசம் செய்த கூகுளும் முதலில் இதையே செய்துபார்த்ததுதான்! கூகுள் பிளஸ் என்ற தன் தளத்தில் (அது 2019-ல் மூடப்பட்டுவிட்டது) "ஆப்பை எடு" என்று முழுத்திரையில் போட்டுப் பார்த்தது. அந்தக் கணக்கை 2015-ல் அதுவே வெளியிட்டது. ஆப் பட்டனை அழுத்தியவர்கள் 100-க்கு 9 பேர். ஆப்புக்கும் போகாமல், பக்கத்தையும் பார்க்காமல் திரும்பிப் போனவர்கள் 69 பேர்! பெட்டியைச் சின்னப் பட்டையாக மாற்றியதும் செல்போன் தளத்தைத் தினமும் பயன்படுத்தியவர்கள் 17 சதவீதம் கூடினார்கள்.

நம் நாட்டிலும் 2015-ல் இந்த ஆசை வந்தது. மிந்த்ரா தன் வெப்சைட்டையே மூடி, ஆப் இருந்தால்தான் வியாபாரம் என்றது. அடுத்த வருடம் ஜூனில் கம்ப்யூட்டர் தளத்தை மறுபடி திறந்தது. ஆப் பக்கமே ஆட்களைத் திருப்பிய பிளிப்கார்ட்டும், அதே 2015 நவம்பரில் பிளிப்கார்ட் லைட் என்று செல்போன் தளத்தோடு திரும்பி வந்தது. கதவைச் சாத்திப் பார்த்தவர்களே திறந்துவிட்டார்கள்.

"அதெல்லாம் சரிப்பா, பாப்-அப் போடுற பெரிய சைட்டெல்லாம் இன்னும் மேலேதானே நிக்குது?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரிசையைத் தீர்மானிக்கும் பல காரணங்களில் இதுவும் ஒன்றே ஒன்று. தேடியவருக்குப் பொருத்தமான விஷயம் இருந்தால், பாப்-அப் இருந்தும் அந்தப் பக்கம் மேலே வரலாம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. ஆனால் 2020-ல் இன்னொன்றும் சொன்னது. ஒரே மாதிரி விஷயம் தரும் பக்கங்கள் பல இருக்கும்போதுதான், பார்க்க வருகிறவரின் வசதிக்கு மதிப்பு அதிகமாகும்.

இங்கேதான் நம்ம ஊர் விஷயம் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விற்கும் கடைகள் எத்தனை! சரக்கும் ஒன்று, பெயரும் ஒன்று, எழுதுகிற நாலு வரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிறவர்கள் கதையும் இதேதான். தராசு சமமாக நிற்கும்போது ஒரு குன்றிமணிகூடத் தட்டைச் சாய்த்துவிடும். பெரிய கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது. ஆட்கள் பெயரைச் சொல்லியே தேடுவார்கள். சின்னக் கடைக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பாப்-அப்பால் அதிகம் நஷ்டப்படப்போவது சின்னவர்தான் என்பது என் கருத்து.

வரிசையை விடுங்கள், மனிதர்களைப் பாருங்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எங்கள் தெருவில் யாருக்கு என்ன தெரிய வேண்டுமென்றாலும் போன் என் கைக்குத்தான் வரும். 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களைப் பற்றி விசாரிப்பார்கள். சதுரகிரிக்கு மலையேற அனுமதி உண்டா என்பார்கள். பதில் இரண்டு வரிதான். அதன்மேல் மூன்று பெட்டி! படித்த எனக்கே மூடத் திண்டாட்டம் என்றால், எங்க அம்மா என்ன செய்வார்? நம்பர் கேட்டால் கொடுத்துவிடுவார். "சரி" என்றிருந்தால் அழுத்திவிடுவார். அந்தப் பயந்த விரலை நம்பித்தான் இந்தப் பெட்டிகளையே செய்கிறார்கள்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையத்தில் ஏமாற்றும் 13 வழிகளைப் பட்டியல் போட்டன. அதில் நச்சரிப்பும் ஒன்று. ஆப்பை எடு, எடு என்று திரும்பத் திரும்பக் கேட்பதும், "வேண்டாம்" என்று சொல்ல வழியில்லாமல் நோட்டிபிகேஷன் கேட்டுக்கொண்டே இருப்பதும் அதற்கு உதாரணங்கள்.

ஆனால் கூகுளும் சட்டமும் வந்து காப்பாற்றட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? நாளைக்கு ஒரு கடைக்காரர் நம்மிடம், "தம்பி, ஆபரைத் திரை முழுக்கப் பெருசா போட்டுவிடு" என்பார். காசு வருகிறதே என்று தலையாட்டாமல் இப்படிச் சொல்வோம்: "அண்ணாச்சி, வந்தவர் முதலில் சரக்கைப் பார்க்கட்டும். ஆபரை மேலே ஒரு பட்டையாகப் போடுவோம். மூடுகிற குறியைப் பெரிதாக வைப்போம். ஒரு தடவை வேண்டாமென்றால் மறுபடி கேட்க வேண்டாம். உங்கள் பக்கமும் தேடலில் பின்னால் போகாது."

நாம் எழுதும் நாலு வரி புரோகிராம், முகம் தெரியாத ஒரு தாயின் கையில் இருக்கும் போனில் ஓடப்போகிறது. அவர் தேடி வந்ததை மறைக்காமல் காட்டுவோம். படித்தவன் செய்யக்கூடிய மரியாதை அதுதான்!

— இரண்டாமாண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை.
(ஊர்: வ. புதுப்பட்டி)