ஆவணி பிறப்பதற்குள் ஒரு வரி

வாடகை வீட்டுத் தோழர்களே!

ஆடி முடியப் போகிறது. ஆவணி பிறந்ததும் சென்னைத் தெருக்களில் சாமான் ஏற்றிய வண்டிகள் ஓடும். அட்வான்ஸ் கைமாறும், பால் காய்ச்சுவோம், பதினோரு மாத அக்ரிமென்டில் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்துக்கு முன் ஒரு வரி ஏறியாக வேண்டும்: "வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் படிக்கட்டிலும் எவரும் புகைப்பதில்லை, குடியிருப்பவர், உரிமையாளர், விருந்தாளி எல்லோருக்கும் இது பொருந்தும்." இப்போது கோட்டை விட்டால் இன்னும் பதினோரு மாதம் நம் பிள்ளைகள் அந்தப் புகையில்தான் தூங்குவார்கள்.

பொது இடத்தில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்டது. ஆபீஸிலும் ஓட்டலிலும் கிடைத்த அந்தப் பாதுகாப்பு நம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. வீட்டிலேயே அடுத்தவர் புகையைச் சுவாசிக்கும் பெரியவர்கள் இந்தியாவில் 38.7 விழுக்காடு என்று 2016-17 தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அவர்களில் பீடியைத் தொட்டே பார்க்காத பெண்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் லைன் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். புகைக்கும் கணவரோடு வாழும், தாங்கள் புகைக்காத மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று ஜப்பானில் ஆய்வாளர் ஹிரயாமா 1981லேயே காட்டிவிட்டார்.

"ஜன்னலைத் திறந்து வை" என்பார்கள். நம்பாதீர்கள். கதவிடுக்கு, குழாய் போகும் சந்து, ஓட்டு இடைவெளி என்று எங்கும் புகை நுழையும். காற்றோட்டம் இதைத் தீர்க்காது, பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை தெளிவாகச் சொன்னது. குழந்தைக்கு இளைப்பு, காதில் சீழ், பச்சிளம் சிசுவின் திடீர் மரணம் என எல்லாம் அதில் இருக்கின்றன. புகைத்தவர் காலி செய்து போன பிறகும் விஷம் போவதில்லை. அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த ஆய்வில், இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தமும் செய்யப்பட்ட வீடுகளில் குடியேறிய புகைக்காதவர்களின் விரல்களில்கூட நிக்கோட்டின் இருந்தது. வெள்ளையடிக்கவென்று நம் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிக்கிறார்களே, அந்தப் பூச்சை நம்பி எப்படிக் குடிபோவது?

உங்கள் அச்சம் எனக்குத் தெரியும், அது நியாயமானதும்கூட. வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. சாதி கேட்கிறார்கள், மதம் கேட்கிறார்கள், பேச்சிலர் என்றால் கதவைச் சாத்துகிறார்கள். துரத்துவதற்கு இன்னொரு சாக்கை நாமே எடுத்துக் கொடுப்பதா? கூடாது. அதனால்தான் இந்த வரியை ஓனர் எழுதும் முன் நாம் எழுத வேண்டும். அமெரிக்க அரசு தன் பொதுக் குடியிருப்புகளில் 2018 ஜூலை இறுதிக்குள் புகைக்குத் தடை கொண்டுவந்தபோது அங்கும் இதே அச்சம் எழுந்தது. கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளிப் புகைக்கலாம் என்றார்கள். மீறினால் படிப்படியாக எச்சரியுங்கள், வெளியேற்றுவது கடைசி வழியாகவே இருக்கட்டும் என்றும் நிர்வாகங்களை வலியுறுத்தினார்கள். நாம் இன்னும் ஒரு படி மேலே போவோம்: புகைத்ததற்காக யாரையும் காலி செய்யச் சொல்லக்கூடாது என்பதும் அதே பத்தியில் இருக்கட்டும்.

பீடி பிடிப்பவரும் நம் ஆள்தான். மூட்டை தூக்குகிறவர், ராத்திரி ஆட்டோ ஓட்டுகிறவர். அவரை அடிமையாக்கி லாபம் பார்ப்பவன் வேறு எங்கோ இருக்கிறான். வீட்டுக்குள் புகைப்பதை நிறுத்துகிறவர்கள் அளவைக் குறைக்கிறார்கள், பலர் விட்டும் விடுகிறார்கள். புகையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை ஒவ்வொரு மாடிப்படியிலும் எழுதி ஒட்டுங்கள்.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தாளை நம் கருவியாக்குவோம். வாரியக் குடியிருப்புத் தோழர்களே, நீங்கள் ஒரே ஒரு பிளாக்கில் தொடங்குங்கள், முன்வரிசையில் பெண்கள் நிற்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தெருவுக்குத் தெரு கூடுங்கள். அவரவர் அக்ரிமென்ட் நகலைக் கையோடு கொண்டு வாருங்கள். அந்த வரியை அங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.