சத்தத்துக்கா இவ்வளவு காசு?

கீக்ரோன் கே2 வாங்கலாமா எண்டு எங்கட ஆக்கள் எல்லாரும் கேக்கினம். தமிழில் எழுதத்தான் எண்டால், இப்போதைக்கு வேண்டாம்.

அது மோசமான கீபோர்ட் இல்லை. 84 விசைகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச், தட்டச் சுகம்தான். ஆனால் எங்கட வேகத்தைக் கெடுப்பது பழைய கீபோர்ட் அல்ல, நாங்கள் தட்டும் முறை. ஆங்கில எழுத்தால் 'வந்தது' எழுத 9 தட்டு. 'த'வுக்கே 'டி', 'எச்' எண்டு இரண்டு. தமிழ்99இல் வ, ந, த, அ, த, உ: ஆறே தட்டு. 'ந்'இன் புள்ளியை அதுவே வைக்கும். அதுக்குக் காசும் இல்லை.

ஒன்பது தட்டை வடிவான சத்தத்தோட தட்டினாலும் ஒன்பதுதான். முதலில் ஒரு மாதம் விரலைப் பழக்குவோம். அதுக்குப் பிறகும் பழைய விசைகள் இறுகினால், யோசிக்காமல் கே2 வாங்குவோம்.