மலைக்குப் போகப் பணம் மட்டும் போதுமா?

சென்ற ஆண்டு அகஸ்தியர்கூடம் பயணத்துக்கு ஆள் சேர்ப்பதாக நம் யூனியன் பலகையில் எழுதிப் போட்டபோது முதல் நாளே முப்பது பேர் பெயர் கொடுத்தோம். மறுநாள் 'கொண்டுவர வேண்டியவை' என்று ஒரு பட்டியல் ஒட்டினார்கள். ட்ரெக்கிங் ஷூ, ரக்சாக், ஸ்லீப்பிங் பேக், மழைக்கோட்டு... கூட்டிப் பார்த்தால் ஆறாயிரத்துக்குக் குறையவில்லை. சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் பெயரை அடித்துவிட்டோம். அதில் நானும் ஒருவன்.

எங்கப்பா மணவாளக்குறிச்சியில் வள்ளத்துக்குப் போகிறவர். அம்மை கடவத்தில் மீன் சுமந்து விற்பவள். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். பட்டியலை வாசித்துக் காட்டியதும் அம்மை கேட்டாள்: "செருப்புகூட இல்லாமத்தானே மக்கா சபரிமலைக்குப் போறாவ?" எனக்குப் பதில் வரவில்லை.

போன பத்தொன்பது பேரில் இரண்டு பேர் உச்சியைப் பார்க்கவில்லை. ஒருவனுக்குப் புது ஷூ கடித்து இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இன்னொருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. இருவரும் அதிருமலை முகாமிலேயே கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார்களாம். பொருளில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை!

அகஸ்தியர்கூடம் 1868 மீட்டர். போணக்காட்டில் தொடங்கி முதல் நாள் அதிருமலை, மறுநாள் உச்சி, பிறகு இறக்கம் என்று மூன்று நாள் வேலை. பைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, அதைத் தூக்கி மூன்று நாள் நடக்க முடியுமா என்பதுதான் கேள்வி. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பார்கள். நான் 50 கிலோ. ஆக, எனக்கு 10 கிலோதான் எல்லை. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதை மெக்கானிக்கல்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோபத்தில் நானாகவே பயிற்சி தொடங்கினேன். விடியுமுன் சின்னவிளைக் கடற்கரை மணலில் நடை. பள்ளிக்கூடப் பையில் தண்ணீர் பாட்டில்கள். முதல் வாரம் 3 கிலோ, பிறகு வாரம் ஒரு கிலோ கூட்டினேன். மணலில் நடந்தால் கெண்டைக்கால் உரம் பெறும், உண்மை. ஆனால் இறக்கத்துக்கு அது உதவாது என்பது மருந்துவாழ்மலையில் இறங்கும்போதுதான் தெரிந்தது. முன்தொடை நடுங்கியது, பெருவிரல் நகம் ஷூவில் இடித்துக் கறுத்தது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், இறங்குமுன் கயிற்றைக் கணுக்காலில் இறுக்க வேண்டும் என்று அதன்பிறகே படித்தேன்.

பையை அடுக்கச் சொல்லித் தந்தது அம்மை. "கனத்த அடியில போடாத, முதுகோட ஒட்டி வை, ஆடாது." புத்தகத்திலும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள். பருத்திச் சட்டை நனைந்தால் லேசில் உலராது, ராத்திரி குளிர் எடுக்கும். நம்மிடம் இருக்கும் கால்பந்து ஜெர்சி சீக்கிரம் உலரும். அதற்குக் கடையில் ஆயிரம் ரூபாய் எதற்கு?

எதுவுமே வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பழகின நல்ல ஷூ வேண்டும், மழைக்கு மறைப்பு வேண்டும். 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அனுமதியும் வழி தெரிந்த ஆளும் இல்லாமல் காட்டுக்குள் காலே வைக்கக் கூடாது. 2024-இல் வெள்ளியங்கிரி ஏறியவர்களிலும் சிலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் இறந்தார்கள். அதனால் டாக்டரிடம் காட்டிய பிறகே பெயரைச் சேர்க்க வேண்டும்.

என் கோரிக்கை இரண்டே. கிரிக்கெட் மட்டை வாங்குவது போல யூனியன் பத்து ரக்சாக்கும் மழை உறையும் வாங்கி வைக்கட்டும். ஒவ்வொரு செட்டும் எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டும். 'நிதி இல்லை' என்கிறார் பொருளாளர் அண்ணன். ஆண்டு விழாவில் போர்த்திய பொன்னாடைகளை நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்!

இரண்டாவது, முதலில் பணம் கட்டியவனுக்கு இடம் என்பதை மாற்றி, பத்து ஞாயிறு பயிற்சி நடைக்கு வந்தவர்களுக்கு இடம் என்று ஆக்க வேண்டும். மாணவிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரி முதல் பெண்களும் அந்த உச்சிக்கு ஏறுகிறார்கள். நம் பலகையில் மட்டும் இன்னும் 'மாணவர்கள்' என்றே எழுதுகிறோம்.

ஜனவரிப் பயணத்துக்கு நவம்பரிலேயே நடையைத் தொடங்கியாக வேண்டும். போன வாரம் என் பையை 8 கிலோவுக்கு நிறைத்து வைத்திருந்தேன். அம்மை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இதுக்கா மூணு மாசமா மூச்சு வாங்குத?" என்றாள்.